கச்சான் காலத்தில் வாகன ஏசி: காஸ் அடிக்க முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைகாசியில் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் திருகோணமலையில் ஏசி பார்க்கும் கராஜ்களில் கேட்கும் வசனம் ஒன்றுதான்: "கூலிங் காணாது, காஸ் அடிச்சு விடுங்கோ." பெரும்பாலான தவறுகள் அந்த வசனத்திலேயே ஆரம்பித்துவிடுகின்றன.

பெற்றோலைப் போல ஏசி காஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே காஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ரப்பர் குழாய்கள் வழியாகவும் காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரின் முன் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் கசிவது இயல்பு. ஆகவே பல வருடங்களுக்கு ஒருமுறை காஸ் குறைவதை விளங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கச்சானுக்கும் காஸ் போட வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையே இல்லாமல், காஸும் சரியாக இருந்தபடி, கூலிங் மட்டும் குறைந்த வாகனங்களும் ஏராளம். அவற்றுக்கும் காஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

காஸுக்கு முன் காற்றைப் பாருங்கள்

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வாகனத்தை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை மூடி, உள்காற்றுச் சுழற்சியைப் போட்டு, புளோவரை முழு வேகத்தில் வையுங்கள். எஞ்சினை நிமிடத்துக்கு 1500 சுற்றில் பத்து நிமிடம் ஓடவிட்டு, நடு வென்டுக்குள் ஒரு வெப்பமானியின் முனையைச் செருகுங்கள். வெளியே 33, 34 பாகை செல்சியஸ் இருக்கும் நாளில் வென்டில் 7 முதல் 12 பாகை வரை காட்டினால் காஸ் பக்கம் குறை சொல்ல அதிகம் இல்லை.

காற்று குளிராக வந்தும் பலமில்லாமல் வந்தால் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கெபின் ஃபில்டரைக் கழற்றுங்கள். அநேக ஜப்பான் கார்களில் அது குளவ் பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும். 15,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது என்ற கணக்கு நம் ஊர்ப் புழுதிக்குப் போதாது. கச்சான் தொடங்க முன்னும் முடிந்த பின்னும் பார்க்க வேண்டும். புதியதைப் போடும்போது அம்புக்குறி காற்றோடும் திசையில் இருக்கட்டும். இதில் பெரிய தவறு, அடைத்த ஃபில்டரை எறிந்துவிட்டு ஃபில்டர் இல்லாமலே ஓடுவது. சில நாட்களுக்குக் காற்று அள்ளிக்கொண்டு வரும். பிறகு ஈரமான கூலிங் கொயிலில் புழுதி ஒட்டிச் சேறாகி நாற்றமடிக்கும். அதைச் சுத்தம் செய்ய அநேகமாக டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும்.

ஓடும்போது நல்ல குளிர், அநுராதபுரச் சந்தியில் நின்றால் வெக்கை என்றால், கொண்டென்சரையும் அதன் ஃபானையும் பாருங்கள். ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் கொண்டென்சர்தான் வாகனத்துக்குள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுகிறது. புழுதியும், ஹபரணை வீதியில் இரவில் மோதும் பூச்சிகளும், நிலாவெளிப் பக்கத்து மணலும் அதை அடைக்கின்றன. சந்தேகம் இருந்தால் ஏசி ஓடும்போதே கொண்டென்சரின் மேல் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். ஓரிரு நிமிடத்தில் வென்ட் குளிர்ந்தால் குறை காஸில் இல்லை. சூடு வெளியேறாததுதான் பிரச்சினை.

கொண்டென்சரைக் கழுவுவதிலும் தவறு நடக்கிறது. சேர்விஸ் ஸ்டேஷனின் பிரஷர் கன்னைக் கிட்டப் பிடித்து அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து, அழுக்கு அடைத்ததைவிடக் கேடாகிவிடும். தோட்டக் குழாய் போதும். முடிந்தவரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளிக் கழுவ வேண்டும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்; உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகிவிடும். கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையிலுள்ள இடுக்கையும் மறக்கக்கூடாது. ரேடியேற்றரின் மேல் ஆணிகளைக் கழற்றிச் சற்றுச் சாய்த்தால் உள்ளே கம்பளிபோலப் படிந்த குப்பை தெரியும். ஓரங்களில் இருக்கும் ஸ்பொஞ்ச் பட்டிகளை உதவாதவை என்று பிடுங்கி எறிந்திருந்தால் திரும்ப ஒட்டுங்கள். அவை இல்லாவிட்டால் சூடான காற்றே சுற்றி முன்னால் வரும்.

ஃபான் மாற்றிய பின் கூலிங் கெட்டதா? வயர் மாறிப் பூட்டியதால் ஃபான் எதிர்த்திசையில் சுற்றக்கூடும். ஒரு கடதாசியைக் கொண்டென்சருக்கு முன்னால் பிடியுங்கள். அது உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் வயரை மாற்றுங்கள்.

உப்பு எங்கே கடிக்கிறது

உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் நிற்கும் வாகனங்களின் கசிவுகள் பெரும்பாலும் எதிர்பார்த்த இடங்களிலேயே வருகின்றன. அலுமினியக் குழாயை இரும்புக் கிளாம்ப் பிடிக்கும் இடம் முதலாவது. கிளாம்புக்குள் இருந்த ரப்பர் தேய்ந்து இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டால், உப்பு ஈரத்தில் அந்த இடம் பற்றரிபோல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். பின்பக்கமும் ஏசி உள்ள வான்களில் இந்தக் குழாய்கள் தரைக்கு அடியால் நீளமாகப் போகின்றன. கொழும்பு ஓட்டத்துக்குப் போகும் வான்களை வருடத்துக்கு ஒருமுறையாவது தூக்கிப் பார்த்து, கிளாம்ப் ரப்பர்களைப் புதுப்பித்துவிட்டால் குழாய் தப்பும். ரப்பரின் விலை குழாயின் விலைக்குக் கிட்டவும் வராது. கடற்கரையில் நின்று வந்த வானின் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

காஸோடு சேர்ந்து ஒயிலும் கசிவதால், எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டிக் கறுத்த இடமே முதல் சாட்சி. காஸ் ஏற்றும் வாய்களின் மூடிகள் தொலைந்திருந்தால் அங்கேயும் பாருங்கள். உள்ளிருக்கும் சிறிய வால்வு ஊசி கசிகிறது என்றால் அது மலிவான வேலை.

கசிவு தேடும் கருவியைக் கச்சான் அடிக்கும் வெளியில் வைத்துப் பிடிப்பதில் பயனில்லை. காற்று வராத இடத்தில், எஞ்சினை நிறுத்தி, மூட்டுகளுக்குக் கீழ்ப்பக்கமாகப் பிடிக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது. சவர்க்கார நுரை பெரிய ஓட்டையை மட்டுமே காட்டும். சுற்று வெறுமையாக இருந்தால் உலர்ந்த நைதரசனை 150 பி.எஸ்.ஐ அளவில் ஏற்றி அரை மணிநேரம் விட்டுப் பார்ப்பது நல்லது. டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரால் ஏற்றினால் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். ஒட்சிசன் ஒருபோதும் வேண்டாம். அழுத்தத்தில் ஒயிலுடன் சேர்ந்தால் வெடிக்கும்.

கண்டுபிடித்த ஓட்டையை எப்பொக்சி பூசி அடைப்பதும், குழாயை வெட்டிச் சாதாரண ரப்பர் ஹோஸ் செருகி வளையக் கிளிப்பால் இறுக்குவதும் நிலைக்காது. உயர் அழுத்தப் பக்கத்தில் 200 பி.எஸ்.ஐக்கு மேல் நிற்கும். அலுமினிய வெல்டிங், ஏசிக்கென்றே உள்ள ஹோஸில் மெஷினால் நெரித்துக் கிரிம்ப் செய்த மூட்டு, அல்லது புதுக் குழாய், இவைதான் வழி. கசிவை அடைக்கும் திரவம் என்று டின்னில் வருவது, காஸைக் கூலிங் கொயிலுக்குள் அளந்து விடும் எக்ஸ்பான்சன் வால்வையும் சேர்த்தே அடைத்துவிடக்கூடும்.

மீற்றரைப் பார்த்து காஸ் நிரப்புவது

எஞ்சின் நின்றிருக்கும்போது அழுத்த மீற்றர் 100 பி.எஸ்.ஐ காட்டினால் "காஸ் ஃபுல்" என்பது தவறான முடிவு. வாகன ஏசியில் பாவிக்கும் ஆர்-134ஏ காஸ் 32 பாகையில் ஏறக்குறைய அந்த அழுத்தத்தில்தான் இருக்கும். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை, 150 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் ஊசி ஒரே இடத்தில்தான் நிற்கும். 35 பாகை வெப்பத்தில் ஓடும்போது தாழ் அழுத்தப் பக்கம் 25 முதல் 45 பி.எஸ்.ஐ வரையும் உயர் அழுத்தப் பக்கம் 200 முதல் 270 வரையும் இருந்தால் நல்லது. ஆனாலும் அது நோயறிய உதவும் எண்; அளவு அல்ல. அளவு பொனட்டின் அடியிலோ ரேடியேற்றர் சட்டத்திலோ ஒட்டிய ஸ்டிக்கரில் கிராமில் இருக்கிறது. சிறிய கார்களில் அது பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு உட்பட்டது. அதில் 100 கிராம் கூடினாலே உயர் பக்க அழுத்தம் ஏறி, கூலிங் குறைந்து, கொம்பிரசர் திணறும். தராசு இல்லாத இடத்தில் காஸ் போடாதீர்கள்.

சுற்றைத் திறந்தால், உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்கும் வெக்கியூம் கட்டாயம். குறைந்தது 30 நிமிடம் பம்ப் ஓட வேண்டும். பின்பக்க ஏசியும் இருந்தால் 45 நிமிடம் அல்லது அதற்கு மேல். ஐந்து நிமிடம் ஓட்டினால் காற்று மட்டும் போகும், ஈரம் போகாது. மிஞ்சும் ஈரம் எக்ஸ்பான்சன் வால்வில் பனிக்கட்டியாகும், ஒயிலுடன் சேர்ந்து அமிலமுமாகும். பம்பை நிறுத்திய பின் ஊசி 15 நிமிடம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அது நின்றாலும் கசிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெளிக்காற்றால் உள்ளே இழுபட்டு அடைத்து நிற்கும் ஓ-ரிங் (மூட்டிலுள்ள ரப்பர் வளையம்), காஸ் அழுத்தத்தில் வெளியே தள்ளும்போது கசியவிடலாம்.

திறந்த ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். புதியதில் ஏசி ஒயில் தடவுங்கள். கிறீஸோ குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை நாடாவோ வேண்டாம். ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றுங்கள், அதன் மூடிகளைக் கடைசி நேரத்தில் மட்டும் கழற்றுங்கள். கடற்காற்றின் ஈரத்தை அது நிமிடக் கணக்கில் குடிக்கத் தொடங்கும்.

சமையல் காஸை ஏற்றினாலும் குளிர் வரும். அதனால்தான் சிலர் அதை நாடுகிறார்கள். கண்ணாடி மூடிய வாகனத்துக்குள் கொயில் கசிந்தால் ஒரு பொறியே போதும். மலிவுக்காக இதைச் செய்யச் சம்மதிக்கவே வேண்டாம்.

ஒயிலும் ஹைபிரிட்டும்

பெல்ட்டில் ஓடும் கொம்பிரசருக்குப் பெரும்பாலும் பி.ஏ.ஜி என்ற வகை ஒயில். பிரியஸ், அக்குவா, அக்சியோ ஹைபிரிட்டில் கொம்பிரசர் உயர் வோல்ற் மின்சாரத்தில் ஓடுகிறது. மோட்டரின் கம்பிச் சுருள் ஒயிலிலேயே நனைந்து நிற்பதால் அதற்கு மின் கடத்தாத பி.ஓ.ஈ வகை, என்.டி. ஒயில் 11, தேவை. அதில் பி.ஏ.ஜி சிறிதளவு கலந்தாலும் மின் காப்புக் குறைந்து, அதைக் காட்டும் பி0ஏஏ6 (P0AA6) பிழைக் குறியீடு வந்து, வாகனமே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். வேறு வாகனத்துக்குப் பாவித்த மீற்றரின் (கேஜ்) ஹோஸில் மிஞ்சிய ஒயிலும் உள்ளே போகும். ஆகவே ஹைபிரிட்டுக்குத் தனி ஹோஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள். உயர் வோல்ற் மின்சாரம் ஓடும் செம்மஞ்சள் வயர்களை, அந்த மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் போக முன் தொடக்கூடாது.

கொம்பிரசரைப் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கவில்லை என்று, காஸ் குறைந்தால் அதை நிறுத்தும் பிரஷர் சுவிட்சை வயரால் இணைத்து ஓட்டுவது கொம்பிரசரைக் கொல்லும் வேலை. காஸோடுதான் ஒயிலும் சுற்றுகிறது. காஸ் இல்லாமல் ஓடினால் அது வறண்டு இறுகும். இறுகிய கொம்பிரசர் உலோகத் தூளைச் சுற்று முழுவதும் துப்பியிருக்கும். இன்றைய கொண்டென்சர்களின் நுண்துளைகளுக்குள் போன தூளைக் கழுவி எடுக்க முடியாது. கொண்டென்சர், ட்ரையர், எக்ஸ்பான்சன் வால்வு மூன்றையும் மாற்றாமல் கொம்பிரசரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். பாவித்த கொம்பிரசர் வாங்கினால் வாய்கள் மூடியிருக்கிறதா, கையால் சுற்றும்போது சிக்காமல் வருகிறதா, உள்ளிருக்கும் ஒயில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கறுத்தோ வெள்ளி மினுக்கத்துடனோ இருந்தால் வேண்டாம்.

ஓட்டுகிறவர் பக்கமும் ஒன்று உண்டு. வெயிலில் நின்ற வாகனத்தில் ஏறியதும் உள்சுழற்சியைப் போடாதீர்கள். உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம். இரண்டு நிமிடம் கண்ணாடி திறந்து ஓடி, பிறகு மூடி உள்சுழற்சிக்கு மாறுங்கள். நீண்ட ஓட்டத்தில் இடையிடையே வெளிக்காற்றையும் விடுங்கள், இல்லாவிட்டால் தூக்கம் கண்ணைக் கட்டும்.

வேலை முடிந்து வாகனத்தை எடுக்கும்போது, போட்ட காஸின் கிராம், ஒயிலின் வகையும் மில்லிலீற்றரும், திகதி, அன்றைய வெளி வெப்பம், வென்ட் வெப்பம் ஆகியவற்றை எழுதி வாங்கி பொனட்டுக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்த கச்சானில் கூலிங் குறைந்தால், மீற்றரைப் பூட்ட முன் அந்தத் துண்டைப் பார்க்கலாம்.