டெஸ்ட் எடுத்தாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு... அப்புறம் ஏன் ஆச்சி திரும்பி வந்தார்?

கொரோனா சமயத்தில் வெளிநாட்டுப் பயணம் என்றாலே காரைக்குடியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூக்கில் குச்சி விடுவதுதான் பயம். பயணம் கெட்டதென்னவோ காகிதத்தில்.

2021 கடைசியில் ஆச்சி துபாயில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பினார். விமானம் கிளம்புவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் என்ற கொரோனா டெஸ்ட் வேண்டும், அதுபோக ஏறுகிற விமான நிலையத்தில் 6 மணி நேரத்துக்குள் சீக்கிரம் முடிவு தரும் ஒரு ரேபிட் பிசிஆர் டெஸ்டும் வேண்டும் என்பது அப்போதைய விதி. வியாழன் காலை 8 மணிக்கு சாம்பிள் கொடுத்தார், வெள்ளி மதியம் ரிப்போர்ட் வந்தது, சனி காலை 10 மணிக்குச் சென்னையில் விமானம். ரிப்போர்ட் வந்து ஒரு நாள்கூட ஆகவில்லையே என்று நிம்மதியாக ரயில் ஏறினோம். ஆனால் கணக்கு சாம்பிள் எடுத்த நேரத்திலிருந்து, அதன்படி 50 மணி நேரம்!

அதோடு பெயர். மாமியார் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அதைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று வீட்டுப் பெயர் ஒன்று வைப்பது நம் பக்கத்து வழக்கம்தானே. லேபில் கேட்டதும் ஆச்சி அந்த வீட்டுப் பெயரைச் சொல்லியிருக்கிறார், பாஸ்போர்ட்டில் வேறு பெயர். லேபுக்குப் பாஸ்போர்ட்டையே கொண்டுபோய், எழுத்தும் எண்ணும் சரியா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் க்யூஆர் கோடு கேட்கும் நாடு என்றால் அதையும் ஒருமுறை ஸ்கேன் பண்ணிவிடுங்கள்.

அடுத்தது, போன மாசம் போய்வந்த மச்சான் சொல்வதை நம்பி டிக்கெட் போடுவது. ஒரே சமயத்தில் இந்தியா 72 மணி நேரம் என்றது, துபாய் 48 என்றது, அமெரிக்கா 2021 டிசம்பர் 6 முதல் ஒரு நாள் என்றது. விதி போய்விட்டது என்று நினைத்தாலும் திரும்பி வரும். வெளிநாட்டிலிருந்து இந்தியா வருவோர் ஆன்லைனில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவத்தை 2022 நவம்பரில் நிறுத்தினார்கள், 2023 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் உட்பட ஆறு இடங்களிலிருந்து வருவோருக்கு மறுபடி டெஸ்ட், பிப்ரவரி நடுவில் அதையும் எடுத்துவிட்டார்கள். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கலாம் என்று சிங்கப்பூரிலிருந்து டிக்கெட் போட்டவர்கள் சரியாக நடுவில் மாட்டினார்கள். சனங்களுக்கு விமானப் பயணத்தின் மேலிருந்த நம்பிக்கை போனது இந்த மாற்றங்களால்தான், குச்சியால் இல்லை என்பேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கொரோனா வந்து குணமானவருக்கு வாரக்கணக்கில் பிசிஆர் பாசிட்டிவ் காட்டலாம். நெகட்டிவ் ரிப்போர்ட்டுக்குப் பதிலாக, அவர் தொற்றிலிருந்து மீண்டதற்கான சான்றிதழைப் போகிற நாடு ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டியிருந்தது. அமெரிக்கா 90 நாளுக்குள் தொற்று வந்தவரிடம் ஏற்றுக்கொண்டது. தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட்டை இப்படிப்பட்ட நேரத்தில் தொடவே தொடாதீர்கள், நாங்கள் தொட்டோம், மொத்தப் பணமும் போச்சு.

ஆச்சி இரண்டு வாரம் கழித்துத்தான் போனார். இப்போதும் சர்க்கரை டெஸ்டுக்குப் போனாலும் லேபில் முதலில் பாஸ்போர்ட்டைத்தான் நீட்டுகிறார்.