சிவப்பு வெங்காயத்துக்கு வினிகர் சேர்க்கும் முறை

சிவப்பு வெங்காயத்தை வினிகரில் ஊறவைத்தும் சாப்பிடலாம், சுட்டு வினிகர் தெளித்தும் சாப்பிடலாம். ஊறவைக்க, வெங்காயத்தை மெல்லிய வளையங்களாக நறுக்கிக் கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். அரை கப் வினிகர், அரை கப் தண்ணீர், 1 டீஸ்பூன் உப்பு, 2 டீஸ்பூன் சர்க்கரை சேர்த்துச் சூடாக்கி, மூழ்கும்படி ஊற்றினால் போதும். அரை மணி நேரத்தில் காரம் அடங்கி, பளிச்சென்று இளஞ்சிவப்பாகிவிடும். வெங்காயத்திலுள்ள ஆந்தோசயனின் நிறமி புளிப்பில் அப்படித்தான் மாறும். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், வினிகர் அதை அரிக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து 2 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

சுட்டுச் சாப்பிடுவதுதான் என் கட்சி. வேர்ப்பகுதியை விட்டுவைத்து நீளவாக்கில் வெட்டுங்கள், இதழ் பிரியாது. எண்ணெய் தடவி, அவனில் 200 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். அப்புறம் சூட்டோடு வினிகர் தெளியுங்கள். முதலிலேயே ஊற்றினால் வெங்காயம் லேசில் வேகாது.