சந்தேகத்தோடு சண்டை வேண்டாம், தூக்கத்தைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இப்படி ஒரு பெரியப்பா யார் வீட்டிலும் இருக்கலாம். நேரத்துக்கு வேலைக்குப் போவார், கரண்ட் காசு கட்டுவார், புரட்டாசி விரதம் தவற மாட்டார், பேச்சிலும் குழப்பம் இருக்காது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் சுவர் வழியாக விஷக்காற்று விடுகிறான் என்று சொல்லி, இரவானால் கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். இதை மருட்சிக் கோளாறு என்கிறார்கள், டாக்டர் வாயில் டெலூஷனல் டிஸார்டர். ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் நிற்கும் நம்பிக்கை, அதைத் தொடாதவரை ஆள் சரியாகத்தான் இருப்பார். அதனாலேயே வீட்டில் இதைப் பிடிவாதம் என்பார்கள், இல்லாவிட்டால் செய்வினை.

நம்பிக்கையை விட, அதற்கு அடியில் சேர்கிற சோர்வைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். யாரும் நம்பவில்லை, புகார் கொடுத்தால் சிரிக்கிறார்கள், ஓடவும் இடமில்லை என்ற நிலையில் மனச்சோர்வு வருவதில் ஆச்சரியமே இல்லை. தன்னை யாரோ துரத்துகிறார்கள் என்பவர்களும், உடம்பில் பூச்சி ஊர்கிறது, நாற்றம் அடிக்கிறது என்று டாக்டர் மாற்றி டாக்டர் அலைபவர்களும் சாவைப் பற்றி யோசிக்கும் ஆபத்து அதிகம். சாப்பாடு குறைவது, குளிக்காமல் கிடப்பது, 'இனி என்ன இருக்கு' என்ற பேச்சு, பத்திரங்களையும் நகையையும் பிரித்துக் கொடுப்பது, பல நாள் தவிப்புக்குப் பிறகு திடீரென்று அமைதியாகிவிடுவது, இதெல்லாம் வந்தால் சும்மா விடாதீர்கள்.

வாதாடாதீர்கள். ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். "பெரியப்பா, விஷக்காற்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நீங்க ராத்திரி முழுக்கத் தூங்காமல் தவிக்கிறது தெரியுது" என்று தொடங்குங்கள். சந்தேகத்துக்கு மருந்து என்றால் வர மாட்டார், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் என்றால் பெரும்பாலும் வருவார், அதுவும் பொய்யில்லை. ஊசி போடத்தான் என்று ஏமாற்றிக் கூட்டிப் போனாலோ மாத்திரையை டீயில் கலந்தாலோ (நம் ஆட்கள் செய்வதுதான்!) அன்றிலிருந்து நீங்களும் சதிகாரர்தான். மருந்து பிடிக்கச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்திவிடக் கூடாது. கோயிலுக்குப் போகட்டும், காவடி எடுக்கட்டும், விரதத்துக்காக மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

அப்புறம், நேராகக் கேளுங்கள்: "செத்துப் போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, மூடி வைத்திருந்ததைச் சொல்ல வழிதான் கிடைக்கும். ஆமாம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டுங்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அவர் கைக்கு எட்டவே கூடாது. லைசென்ஸ் சட்டம் இருப்பதால் மச்சானிடம் சும்மா கொடுத்துவிட முடியாது, போலீஸ் நிலையத்தில் கேளுங்கள். தற்கொலை உதவி எண் 0800 567 567, இரவிலும் எடுப்பார்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்லிலிருந்து 112.

வர மறுக்கிறார், ஆபத்தும் தெரிகிறது என்றால் 2002ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இருக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், நெருங்கிய உறவு யாராவது மருத்துவமனையில் நான்காம் படிவத்தை, அதாவது அவர் சம்மதம் இல்லாமலே சிகிச்சை கேட்கும் விண்ணப்பத்தை, சத்தியப் பிரமாணத்தோடு நிரப்பிக் கொடுக்கலாம். ஆனால் கடந்த ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும், அதனால் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிற மகன் போனிலேயே முடிக்கப் பார்த்தால் நடக்காது. சோதித்தவர்கள் தேவை என்று முடிவு செய்தால் 72 மணி நேரம் வைத்துக் கவனிப்பார்கள். தனக்கோ பிறருக்கோ பெரிய கேடு செய்துவிடுவார் என்று தெரிந்தால் போலீஸே மருத்துவமனைக்குக் கொண்டுபோக அதிகாரம் உண்டு.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மனைவி வேறொருவனோடு போகிறாள் என்ற மருட்சி என்றால் மேலே சொன்ன பேச்சை அந்த மனைவி பேசக் கூடாது. அந்தப் பெண்ணை முதலில் அக்கா வீட்டுக்கோ அம்மா வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள், அடியோ மிரட்டலோ இருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.