தசை பிடித்த தொடையோடு ஹீட், செமி, ஃபைனல்: ஒரு நாளை ஓட்டிக் கடப்பது எப்படி

ஒரே நாளில் 200 மீட்டரில் மூன்று சுற்று. காலை ஹீட்டில் இடது தொடையின் பின்பக்கம் யாரோ உள்ளிருந்து சுண்டிவிட்ட மாதிரி இருந்தது. முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், வலி இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்து மதியம் செமிக்குப் போனேன். வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குள் நுழையும் இடத்தில் பிடித்தது பாருங்கள், மீதி எண்பது மீட்டரை நொண்டியே கடந்தேன். அப்புறம் ஆறு வாரம் ஓட்டமே கிடையாது.

அன்றைக்கு ஓடலாமா வேண்டாமா என்ற கேள்வியை நான் எப்போது கேட்டுக்கொண்டேன் தெரியுமா? ஹீட் முடிந்து, மூச்சு வாங்க, ரிசல்ட் பலகையில் என் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில். அந்த நேரத்தில் கேட்டால் 'ஓடு' என்பதைத் தவிர வேறு பதில் வராது. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது. 100 முதல் 800 மீட்டர் வரை ஓடுகிற, முதல்முறை இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். டாக்டரோ பிசியோவோ ஏற்கெனவே 'ஓடாதே' என்று சொல்லியிருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

படி 1: முந்தைய நாளே வலியைத் தரம் பிரியுங்கள்

சில வலிகளோடு பேரமே கிடையாது. எலும்பின் மேல் ஒரு விரல் வைக்கிற அளவு இடத்தில் மட்டும் வலித்து, ஒற்றைக்காலில் குதித்தால் அதே புள்ளியில் குத்தினால், அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம். அடிபட்டபோது 'டப்' என்று ஏதோ அறுந்த உணர்வு, வீக்கம், ரத்தம் கட்டிய நீலம், முட்டி பூட்டிக்கொள்வது, கால் மரத்துப்போவது, சாதாரணமாக நடந்தாலே நொண்டுவது: இதில் ஒன்று இருந்தாலும் ஹீட்டுக்கே போகக் கூடாது. தலையில் அடிபட்டு இன்னும் கிறுகிறுப்பு இருக்கிறவர்களும் இதில் சேர்த்தி.

மிச்சம் இருப்பது இறுக்கம், மந்தமான வலி, வார்ம்-அப் செய்யச் செய்யக் குறைகிற வலி. இவற்றோடு ஓடலாமா என்று யோசிக்கவாவது இடம் உண்டு. நல்ல காலையும் கெட்ட காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றைக்காலில் நின்று பத்து முறை குதிகாலை உயர்த்துங்கள், பத்து முறை குதியுங்கள், மல்லாந்து படுத்து ஒரு காலை மட்டும் ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். இரண்டு கால்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் நாளைக்கு மூன்று சுற்று என்பது கனவு.

'உடைந்த காலோடு ஓடியவர்கள் இல்லையா?' என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் 4×400 ரிலே ஹீட்டில் அமெரிக்காவின் மான்டியோ மிட்செலுக்குப் பாதி தூரத்தில் கெண்டைக்கால் பக்கத்து எலும்பு உடைந்தது. ஓடி முடித்துத்தான் பேட்டனைக் கொடுத்தார். அவர் ஃபைனல் ஓடவில்லை என்பதை மட்டும் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் விட்டுவிடுவார்கள்.

படி 2: நிறுத்தும் விதியை ஒரு தாளில் எழுதுங்கள்

என்னைக் கேட்டால் முழு நாளும் இதில்தான் அடங்கியிருக்கிறது. வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் ஒன்றுமில்லை, 10 என்றால் தாங்கவே முடியாது. என் தாளில் இருப்பது இவ்வளவுதான்:

வார்ம்-அப் முடிவில் 3 வரை இருந்தால் ஓடுவேன்.
4 என்றால் கோச்சிடம் சொல்வேன், அவர் முடிவு.
5 என்றால் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்ட ஷூ) பைக்குள் போய்விடும்.
எண் எதுவாக இருந்தாலும் நடை மாறினால் ஓட மாட்டேன்.
எந்தச் சுற்றுக்குப் பிறகும் எண் முன்னைவிட இரண்டு கூடினால் அன்றைய நாள் முடிந்தது.

நான்காவது வரி ஏன் தனியாக இருக்கிறது என்றால், எண்ணை நாமே குறைத்துச் சொல்லிக்கொள்ள முடியும், நொண்டலை மறைக்க முடியாது. எழுதியதும் தாளை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். கோச்சிடமோ, உங்கள் முகத்தைப் பார்த்து ஏமாறாத ஒரு நண்பரிடமோ கொடுங்கள். என் தாள் இப்போதெல்லாம் என் நண்பனின் சட்டைப் பையில்தான் இருக்கும்.

படி 3: அட்டவணையையும் விதியையும் பாருங்கள்

அடுத்த சுற்றுக்கு எத்தனை பேர் எப்படிப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ரிசல்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் பெரிய Q என்றால் இடத்தை வைத்துத் தகுதி, சின்ன q என்றால் நேரத்தை வைத்து. ஹீட்டில் முதல் மூன்று பேர் நேராகப் போவார்கள் என்றால் உங்களுக்குத் தேவை மூன்றாம் இடம் மட்டும்தான்.

அடுத்தது இடைவெளி. உலகத் தடகள அமைப்பின் விதிப்படி ஒரு சுற்றின் கடைசி ஹீட்டுக்கும் அடுத்த சுற்றின் முதல் ஹீட்டுக்கும் நடுவில் 200 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்குக் குறைந்தது 45 நிமிடமும், அதற்கு மேல் 1000 மீட்டர் வரை 90 நிமிடமும் இருக்க வேண்டும். சின்னப் போட்டிகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம், கேட்டுக்கொள்வது நல்லது.

விலகுவதற்கும் முறை உண்டு. தகுதி பெற்றுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்தால், அந்தப் போட்டியின் மற்ற ஓட்டங்களிலிருந்தும், ரிலேயிலிருந்தும்கூட நீக்கிவிடலாம். போட்டி மருத்துவர் பரிசோதித்துத் தருகிற சான்றிதழ் இருந்தால் பிரச்சினை இல்லை. 2012 லண்டனில் அல்ஜீரியாவின் தௌஃபிக் மக்லூஃபி 800 மீட்டர் ஹீட்டில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றுவிட்டார். உண்மையாக முயலவில்லை என்று ஒலிம்பிக்கிலிருந்தே வெளியேற்றினார்கள். முழங்கால் காயம் என்று மருத்துவச் சான்று வந்த பிறகு திரும்பச் சேர்த்தார்கள். மறுநாள் 1500 மீட்டர் ஃபைனலில் தங்கம் வாங்கினார்! காயம் உண்மையா என்று அப்போது நிறையப் பேர் முணுமுணுத்தார்கள். நமக்கு வேண்டியது அந்தச் சான்று எவ்வளவு முக்கியம் என்பது மட்டும்தான்.

படி 4: மாத்திரை, ஊசி, ஐஸ்

ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போட்டால் படி 2-இல் எழுதிய எண்களுக்கு அர்த்தமே இல்லை. வெயிலில் நீர்ச்சத்து குறைந்த உடம்பில் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் சுமை. ஊக்கமருந்துப் பட்டியலும் நினைவிருக்கட்டும்: டிரமடால் என்ற வலி மருந்து 2024 முதல் போட்டி நாளில் தடை, ஸ்டீராய்டு வகை குளுக்கோகார்ட்டிகாய்டு ஊசிகள் எல்லாமே 2022 முதல் போட்டி நாளில் தடை. ஐஸ் வைப்பது ராத்திரிக்கு. ஓடுவதற்குச் சற்று முன் வைத்தால் தசை குளிர்ந்து விறைக்கும், வலியும் சரியாகத் தெரியாது.

படி 5: வார்ம்-அப்

வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகத் தொடங்குங்கள். மெதுவான ஜாக், அப்புறம் டிரில்கள் (ஓட்ட அசைவுப் பயிற்சிகள்), அப்புறம் 60 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் (சிறு வேக ஓட்டங்கள்) நான்கு: 60, 70, 80, 90 சதவீத வேகத்தில். ஒவ்வொன்றுக்கும் பிறகு நடந்து திரும்பும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். நூறு சதவீத ஓட்டம் வார்ம்-அப்பில் வேண்டாம்.

பிடித்த இடத்தைக் குனிந்து குனிந்து இழுத்துப் பார்க்காதீர்கள். ஆடுகிற பல்லை நாக்கு தொட்டுக்கொண்டே இருக்கிற மாதிரிதான் அது. பார்க்கப் பார்க்க மோசமாகும்.

படி 6: ஹீட்டைச் சிக்கனமாக ஓடுங்கள்

பின்தொடைத் தசைக்கு மிகப் பெரிய சுமை விழுவது முழு வேகத்தில், கால் முன்னால் வீசி, தரையைத் தொடுவதற்குச் சற்று முன். அதனால் 100 சதவீதத்துக்கும் 93 சதவீதத்துக்கும் நேரத்தில் இருக்கிற வித்தியாசத்தைவிடத் தசைக்கு இருக்கிற வித்தியாசம் பெரிது. எட்டி எட்டிக் கால் வைக்காமல் சின்ன அடியாக, வேகமாக மாற்றுங்கள். தொடக்கத்தில் கால் ஊன்றுகிற பிளாக்கிலிருந்து வெடித்துக் கிளம்பாமல் முதல் 30 மீட்டரை வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓடுங்கள். வளைவில் உள்பக்கம் சாய்கிற இடது கால்தான் கெட்ட கால் என்றால் அங்கே இன்னும் நிதானம்.

கோட்டில் நெஞ்சை முன்னால் எறிகிற அந்த டிப் இருக்கிறதே, இடம் உறுதி என்றால் அதைச் செய்யாதீர்கள். உச்ச வேகத்தில் இடுப்பை மடக்கினால் பின்தொடை இன்னும் இழுபடும். கோடு தாண்டியதும் பிரேக் போட்ட மாதிரி நிற்பதும் தப்பு. பலருக்கு அங்கேதான் பிடிக்கிறது. வளைவு வரை தளர்த்திக்கொண்டே போய் நில்லுங்கள்.

நேரத்தை வைத்துத்தான் தகுதி என்றால் சிக்கனம் நடக்காது. முழுதாக ஓடித்தான் ஆக வேண்டும். அதற்குக் கால் தாங்குமா என்பதைத் தாளைப் பார்த்து முடிவெடுங்கள்.

படி 7: இடைவெளி

என் செமி கெட்டது உண்மையில் இங்கேதான். ஓடி முடித்த கையோடு கேட்கிற எண்ணை நம்பாதீர்கள். அட்ரினலின் வேலை செய்துகொண்டிருக்கும். எனக்கு அன்று 1 மாதிரி தெரிந்தது, அரை மணி கழித்து எழுந்தபோது கால் கட்டையாகியிருந்தது. அப்போதும் நான் கவனிக்கவில்லை.

முதல் வேலை ஸ்பைக்ஸைக் கழற்றிச் சாதாரண ஷூ மாட்டுவது. இரண்டாவது, வெயிலாக இருந்தாலும் டிராக் பேன்ட் போடுவது. பத்து நிமிடம் நடங்கள். உட்காரலாம், ஆனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஒரு நடை போய் வாருங்கள். கேலரிப் படியில் இரண்டு படி ஏறி இறங்குங்கள். இருபதாவது நிமிடத்தில் வருகிற எண்தான் நிஜ எண். அதை நண்பர் எழுதிக்கொள்ளட்டும்.

சாப்பாடு லேசாக, மாவுச்சத்தாக, கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரோடு உப்பும் போகட்டும். யாராவது பாசத்தோடு வந்து பிடித்த இடத்தை அழுத்தித் தேய்க்க வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

படி 8: அடுத்த சுற்று, மறுபடி முதலிலிருந்து

'காலையிலேயே சூடாகிவிட்டோமே' என்று வார்ம்-அப்பை விடாதீர்கள். பாதி அளவாவது செய்யுங்கள். ஸ்ட்ரைட்ஸ் இரண்டு போதும். கால் ரூமில் (call room, ஓட்டத்துக்கு முன் வீரர்களைக் கூப்பிட்டு வைக்கிற அறை) வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள், அங்கே உடம்பு ஆறிவிடும். நின்றுகொண்டே இருங்கள்.

இப்போது நண்பரைத் தாளைப் படிக்கச் சொல்லுங்கள். விலக வேண்டும் என்றால் கால் ரூமுக்குப் போவதற்கு முன்பே அதிகாரியிடம் சொல்லி, மருத்துவரைப் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சீனாவின் லியூ ஷியாங் சொந்த நாட்டு ரசிகர்கள் நிரம்பிய மைதானத்தில், 110 மீட்டர் தடை ஓட்ட ஹீட்டின் தொடக்கக் கோட்டிலிருந்து குதிகால் வலியோடு நடந்து வெளியேறினார். 2011-இல் தென் கொரியாவின் தேகுவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். 2012 லண்டனில் ஹீட்டின் முதல் தடையிலேயே விழுந்தார். குதிகால் காயத்தின் கணக்கு அவ்வளவு நேரானதில்லை.

போன முறை எனக்கு ஹீட் முடிந்து 2, செமி முடிந்து இருபதாவது நிமிடத்தில் 4. நண்பன் தாளை விரித்துக் கடைசி வரியைப் படித்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவன் மறுபடியும் அதே வரியைப் படித்தான். ஃபைனலில் ஐந்தாவது லேன் காலியாக இருந்தது.

படி 9: அன்று இரவும் மறுநாள் காலையும்

துணி சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம், நல்ல சாப்பாடு, தூக்கம். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எடுத்த எண்களைப் பயிற்சி நோட்டில் ஏற்றிவிடுங்கள். காலையில் முதல்முறை படி இறங்கும்போது வருகிற எண்ணை அவற்றுக்குக் கீழே எழுதுங்கள். பிசியோ முதலில் கேட்பது அதைத்தான்.