இரைகொல்லிப் பறவைகளின் நிறமும் துணைத் தேர்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பளிச்சென்ற ஆணையே பெண் தேர்ந்தெடுக்கும் என்ற கருத்தை மயிலிடமிருந்து எடுத்து, வல்லூறுகளுக்கும் கழுகுகளுக்கும் அப்படியே பொருத்திவிடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. இரைகொல்லிப் பறவைகளில் பல இனங்களின் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே நிறத்தில்தான் இருக்கின்றன. பெண் அடைகாக்கும் வாரங்களில் பெரும்பாலும் ஆணே இரை தேடிக் கொண்டுவருவதால், அதன் வேட்டைத் திறனை ஒதுக்கிவிட்டு இறகின் நிறத்தை மட்டும் வைத்துப் பெண்ணின் தேர்வை விளக்க முடியாது. அதற்காக நிறத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் பிழை. பின்லாந்தில் சிவப்பு வல்லூறுகளை வைத்து நடத்திய ஆய்வுகளில், நிறம் மிகுந்து தெரிந்த ஆண்களையே பெண்கள் விரும்பின.

வயதைக் கணக்கில் கொள்ளாமல் நிறத்தைக் குறிப்பது இன்னொரு தவறு. வெண்தலைக் கழுகின் தலை முழுதாக வெளுக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மங்கிய நிறமுள்ள ஆணுக்குத் துணை கிடைக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் நிறமா அனுபவமின்மையா என்பதை வயது தெரியாமல் சொல்ல இயலாது.

நிறம் எப்போதும் பெண்ணை நோக்கிய செய்தி என்று கொள்வதே எல்லாவற்றிலும் ஆழமான பிழை என்று கருதுகிறேன். மேற்கு பிரான்சில் சேற்றுப் பூனைப்பருந்து ஆண்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, சாம்பல் நிறத்துக்கு மாறாமல், வளர்ந்த பிறகும் பெண்ணைப் போன்ற பழுப்பு இறகுகளையே தக்கவைத்துக்கொள்கின்றன. அவற்றை 'வளர்ச்சி குன்றியவை' என்று ஒதுக்கிவிடக் கூடாது, ஏனெனில் அவையும் இணைசேர்ந்து குஞ்சு பொரிக்கின்றன. பொம்மைப் பறவைகளை வைத்துச் சோதித்தபோது, சாம்பல் நிற ஆண்கள் தம்மைப் போன்ற பொம்மைகளைத் தாக்கிய அளவுக்குப் பழுப்பு நிறப் பொம்மைகளைத் தாக்கவில்லை. ஆகவே அந்தப் பழுப்பு நிறத்தை, போட்டியாளரின் சீற்றத்தைக் குறைக்கும் வேடமாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேர்ந்தெடுப்பது பெண் மட்டுமே என்று எண்ணுவதும் சரியல்ல. சுவிட்சர்லாந்துக் கூகைகளில், பெண்ணின் உடலிலுள்ள கரும்புள்ளிகளைப் பொறுத்து ஆண் துணை தேடுவதும், புள்ளிகள் மிகுந்த பெண்ணுக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் கூடுதலாக இருப்பதும் கண்டறியப்பட்டுள்ளன.

கடைசியாக, இறகில் தெரியும் நிறமெல்லாம் உடலுக்குள் உருவானது என்று நம்பிவிடக் கூடாது. தாடிப் பாறுவின் மார்பிலுள்ள துருச் செம்மை, இரும்பு ஆக்சைடு நிறைந்த சேற்றில் அது புரள்வதால் ஏறுவது. அத்தகைய மண் கிடைக்காத கூண்டுகளில் வளரும் பறவைகளின் மார்பு வெண்மையாகவே இருக்கிறது.