இறக்கைக்கு அடியில் கோப்ரோ, கையில் ரிமோட்

செஸ்னா 172 என்ற சிறிய விமானத்துக்கு வெளியே கோப்ரோ என்ற குட்டி வீடியோ கேமராவை மாட்டி உள்ளே இருந்து இயக்குவதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது “எந்த ஆப்?” என்றுதான். ஆப்பே வேண்டாம். கேமரா பார்ப்பதைப் போனில் பார்த்துக்கொண்டே பறக்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அது பேட்டரியைக் குடிக்கும், நடுவில் வைஃபை அறுந்துபோகும், மறுபடி இணைக்கக் குனிந்தால் வெளியே இருக்க வேண்டிய கண் மடியில் இருக்கும். குரல் கட்டளையும் உதவாது, அந்த எஞ்சின் சத்தத்தில் நாம் கத்துவது பக்கத்து சீட்டுக்கே கேட்காது. கோப்ரோவுக்கென்று விற்கும் சின்ன ரிமோட் போதும், அதுவும் தொடங்க, நிறுத்த மட்டும். மற்ற எல்லாவற்றையும் தரையிலேயே முடித்துவிட வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். அந்தி நேரத்தில் நாற்பது நிமிடம் பறந்தோம், அருமையான வெளிச்சம். புறப்படும் முன் பட்டனை அழுத்தினேன், பதிவாகிறதா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை அழுத்தினேன். தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் அதே பட்டன்தானே! இறங்கிப் பார்த்தால் மூன்று வினாடிக்கு டாக்ஸிவே (ஓடுபாதைக்குப் போகும் வழி) தரை, அவ்வளவுதான்.

அதனால் மாட்டும் இடத்தைத் தேர்வு செய்யும்போதே கேமராவின் சிவப்பு விளக்கு உங்கள் சீட்டிலிருந்து தெரிகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள், விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தால் அமைப்பில் போய் எல்லாவற்றையும் எரியவிடுங்கள். செஸ்னா 172-இல் நான் வலது பக்கம்தான் மாட்டுவேன். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய், இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதைச் சொல்லும் ஸ்டால் எச்சரிக்கைத் துளை, எரிபொருள் தொட்டிக்குக் காற்று விடும் வென்ட் எல்லாமே இடது இறக்கையில் இருக்கின்றன, அவற்றின் காற்றோட்டத்தில் எதையும் நீட்டக்கூடாது. இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஏலரான், ஃபிளாப் தகடுகள் முழுதாக அசையும்போது எங்கும் உரசாமல் இருக்கிறதா என்பதையும் அசைத்தே பாருங்கள்.

110 நாட் (மணிக்குச் சுமார் 200 கி.மீ.) வேகத்தில் அந்தத் தீப்பெட்டி அளவு கேமராவைக் காற்று ஏறத்தாழ முக்கால் கிலோ எடைக்குத் தள்ளும். அதிர்வு வேறு. உறிஞ்சுக் கிண்ணத்தை நம்பாதீர்கள். இறக்கையைத் தரையோடு கட்டும் வளையத்திலோ இறக்கையைத் தாங்கும் சாய்கம்பியான ஸ்ட்ரட்டிலோ உலோகக் கிளாம்ப் போட்டு, திருகைச் சாவியால் இறுக்கி, வேறொரு இடத்திலிருந்து மெல்லிய ஸ்டீல் கம்பியைக் கேமராவோடு கட்டுங்கள். கிளாம்ப் விட்டாலும் கேமரா கீழே யார் தலையிலும் விழக்கூடாது. அமெரிக்காவில் ஆபத்து உண்டாக்கும்படி விமானத்திலிருந்து எதுவும் விழ விடக்கூடாது என்று விதி 91.15 இருக்கிறது, அதற்குப் பொறுப்பு பைலட்தான். மாட்டியதை உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், வாடகை விமானம் என்றால் உரிமையாளரிடமும்.

அடுத்து, புரொப்பெல்லர். வெயிலில் ஷட்டர் வேகம் 1/2000 வினாடிக்குப் போய்விடும், பிளேடு வாழைப்பழம் மாதிரி வளைந்து வளைந்து தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸில் போட்டு ஷட்டரை 1/60-க்குக் கொண்டுவாருங்கள். 2400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2400 சுற்று) என்றால் வினாடிக்கு 40 சுற்று, அந்த 1/60 வினாடிக்குள் ஒரு பிளேடு 240 டிகிரி ஓடிவிடும், இரண்டு பிளேடும் சேர்ந்து மெல்லிய வட்டமாகிவிடும். கேமராவின் ஸ்டெபிலைசேஷனை (ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதியை) அணைத்துவிடுங்கள். விமானம் திரும்பும்போது அது தொடுவானத்தை நிலையாகப் பிடிக்கப் பார்க்கும், அப்போது இறக்கை ஃபிரேமுக்குள் மிதக்கும், பார்க்கவே தலை சுற்றும்.

தானாக அணையும் அமைப்பை நிறுத்துவது அவசியம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: விமானம் தரையில் காற்றில்லாமல் வெயிலில் நிற்கும்போது கேமரா சூடாகி அதுவாகவே அணைந்துவிடும். மேலே போனால் நேரெதிர், ஒவ்வொரு 1000 அடிக்கும் ஏறக்குறைய 2 டிகிரி குளிரும், பேட்டரி சீக்கிரம் சோரும். 4கே பதிவு வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் மணிக்கு 45 ஜிபி தின்னும், அதனால் 128 ஜிபி கார்டு போடுங்கள்.

சரி, பறக்கும்போது? புறப்படும் முன் ரன்-அப் இடத்தில் நின்று எஞ்சினைச் சோதிக்கும்போதே கேமரா ஆடுகிறதா என்று பாருங்கள், அங்கேயே ஒரே தடவை அழுத்துங்கள், சிவப்பு விளக்கு மினுக்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு ரிமோட்டைப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். டேக்ஆஃபிலும் லேண்டிங்கிலும் அதை யாரும் தொடக்கூடாது என்று முன்பே சொல்லிவைப்பது நல்லது. விளக்கு அணைந்துவிட்டால் அவர் ஒரு தடவை அழுத்தலாம், பத்து வினாடி பார்க்கலாம். அப்புறமும் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், நாளைக்கும் சூரியன் மறையும்.