முதல் உலகப்போர் வெற்றிப் பதக்கம்: விளிம்பைப் படிப்பது எப்படி?

பழைய வெண்கலப் பதக்கம் ஒன்று கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது முன்பக்கத்தில் சிறகு விரித்து நிற்கும் பெண்ணைத்தான். பிரிட்டன் அதே உருவத்தோடு பல லட்சம் பதக்கங்கள் வழங்கியது. அதில் நம் ஆள் யார் என்று சொல்வது விளிம்பில் பொறித்த எழுத்துகள் மட்டுமே.

முதல் வேலை, தேய்க்காமல் இருப்பது. மெருகுப் பசை, அமிலம் எதுவும் வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். விளிம்பெழுத்துகள் ஆழமில்லாதவை, பளபளப்புக்கு ஆசைப்பட்டால் பெயரே போய்விடும்.

அடுத்து, இது அதுதானா என்று பாருங்கள். விட்டம் 36 மி.மீ. பின்பக்கம் லாரல் இலை வளையத்துக்குள் ஆங்கிலத்தில் 'தி கிரேட் வார் ஃபார் சிவிலைசேஷன் 1914-1919' என்றிருக்கும். சண்டை 1918 நவம்பர் 11-லேயே நின்றுவிட்டதே என்று குழம்ப வேண்டாம். ஜெர்மனியோடு போரை முறைப்படி முடித்த வெர்சேல்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28-இல். நாடாவில் இரண்டு வானவில்கள் நடுவில் சிவப்போடு சேர்ந்திருக்கும். அதில் வெண்கல ஓக் இலை இருந்தால், அவர் பெயர் தளபதியின் அறிக்கையில் குறிப்பிடப்பட்டது என்று பொருள்.

இங்கே ஒரு பொறி உண்டு. வெண்கலம் என்பதாலேயே வெற்றிப் பதக்கம் ஆகிவிடாது. அதே போருக்காக வெள்ளியில் வந்த இன்னொரு பதக்கமான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தைத் தொழிலாளர் படைப்பிரிவுகளுக்கு வெண்கலத்திலும் கொடுத்தார்கள். அதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கும். நேச நாடுகள் பலவும் இதே வானவில் நாடாவில் தத்தம் பதக்கங்களை வெளியிட்டன. பிரான்சுடையதைச் செதுக்கியவர் மோர்லோன், பிரிட்டனுடையது வில்லியம் மெக்மில்லன். ஜப்பானும் சயாமும் சிறகுப் பெண்ணையே விட்டுவிட்டு வேறு உருவம் வைத்துக்கொண்டன. இனிச் சொல்லப்போவது பிரிட்டிஷ் பதக்கத்துக்கு மட்டும்.

இப்போது விளிம்பு. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, உருப்பெருக்கியால் மெதுவாகச் சுற்றிப் படியுங்கள். சிப்பாய் என்றால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் வரும். அதிகாரிக்கு எண் இருக்காது. சார்ஜென்ட் பதவியின் சுருக்கத்தில் 'ஜி'க்குப் பதில் 'ஜே' இருந்தால் அது பிழையல்ல, அக்கால எழுத்துமுறை. எழுத்துகள் சந்தேகமாகத் தோன்றினால் வெர்னியர் அளவியால் விட்டத்தை நாலைந்து திசைகளில் அளந்து பாருங்கள். ஒரு திசையில் மட்டும் குறைந்தால், பழைய பெயரை யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள்.

கிடைத்த எண்ணையும் பெயரையும் கொண்டு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டவணை அட்டைகளில் (யாருக்கு எந்தப் பதக்கம் என்று குறித்த அட்டைகள்) தேடுங்கள். 1940 குண்டுவீச்சுத் தீயில் சிப்பாய்களின் பணிப் பதிவுகளில் பெரும்பகுதி எரிந்துபோனதால், பலருக்கு மிஞ்சியது இந்த அட்டைதான். ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் இருந்தாலும் திகைக்காதீர்கள். டெரிட்டோரியல் படையினருக்கு, அதாவது பகுதிநேரத் தன்னார்வப் படையினருக்கு, 1917-இல் புதிதாக எண் கொடுத்தார்கள்.

கடைசியாக, ஜோடி. வெற்றிப் பதக்கத்தைத் தனியாக யாருக்கும் கொடுக்கவில்லை. கூடவே வெள்ளிப் போர்ப் பதக்கமும் உண்டு. வெள்ளி விலை ஏறிய காலங்களில் அவற்றில் பல உருக்கப்பட்டன. வெண்கலம் மட்டும் தனியே கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டும் சேர்ந்தே கிடைத்தால் வெள்ளியின் விளிம்பையும் படியுங்கள். பெயரும் எண்ணும் ஒத்துப்போகவில்லையென்றால், அது யாரோ பின்னால் சேர்த்துவைத்த ஜோடி.